சொரென்டோவிலிருந்து ஒருநாள் தனி யாட்: காப்ரி, பொசிட்டானோ, அமால்ஃபி மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

மியூனிக் மதுரை:
வணக்கம். செப்டம்பரில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். தங்கை குடும்பத்தையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர், இத்தாலியில் சொரென்டோவில் தங்குகிறோம். ஒரு நாள் மட்டும் தனி யாட் (உல்லாசப் படகு) எடுத்து அந்தக் கடலோரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டம் இது: காலை 9 மணிக்குப் புறப்பாடு, காப்ரித் தீவை ஒரு சுற்று, நீலக்குகை, காப்ரியில் இறங்கி ஊர் பார்ப்பது, பொசிட்டானோவில் மதியச் சாப்பாடு, அமால்ஃபியில் ஒரு மணி நேரம், மாலை 5 மணிக்குத் திரும்ப சொரென்டோ. 14 மீட்டர் மோட்டார் யாட், கேப்டனும் ஓர் உதவியாளரும் வருவார்கள். வாடகை 2,200 யூரோ, டீசல் தனி.

அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். தங்கை மகனுக்கு ஆறு வயது, நீச்சல் அரைகுறை. அப்பாவுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம் கரையில் நின்று பார்த்ததுதான். இந்த விலை நியாயமா, போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடி எஞ்சின்ரூம்:
விலை இருக்கட்டும் தம்பி, முதலில் மேப்பை எடுத்துப் பாருங்கள். சொரென்டோ இருப்பது தீபகற்பத்தின் வடக்குப் பக்கம், நேப்பிள்ஸ் வளைகுடாவையும் வெசுவியஸ் எரிமலையையும் பார்த்துக்கொண்டு. பொசிட்டானோவும் அமால்ஃபியும் தெற்குப் பக்கம், சலேர்னோ வளைகுடாவில். நடுவே புந்தா காம்பனெல்லா என்ற முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, படகு அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அந்த முனையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி மேற்கே காப்ரி.

இப்போது கூட்டுங்கள். சொரென்டோ, காப்ரி, தீவைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து பொசிட்டானோ, அமால்ஃபி, அப்புறம் முனையைச் சுற்றித் திரும்ப வீடு. 50 கடல் மைலுக்கு மேல் வருகிறது, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் கரையோரத்தில் மெதுவாகப் போக வேண்டிய இடங்களைச் சேர்த்தால் ஓட்டம் மட்டுமே மூன்று மணி நேரம். குகை வாசலில் காத்திருப்பது ஒரு மணி, காப்ரி ஊர் இரண்டு மணி, சாப்பாடு ஒன்றரை மணி. எட்டு மணி நேரம் போயே போச்சு. கடலில் இறங்கிக் குளிக்க எப்போது நேரம்?

டீசல் தனி என்கிறார்களே, அதுதான் இங்கே முக்கியமான வரி. இரட்டை டீசல் எஞ்சின் வைத்த 14 மீட்டர் படகு அந்த வேகத்தில் மணிக்கு 100 முதல் 150 லிட்டர் வரை குடிக்கும். கடலோர பெட்ரோல் பங்கில் லிட்டர் இரண்டு யூரோவை ஒட்டி என்று வைத்துக்கொண்டால், இந்தத் திட்டத்துக்கு 600, 700 யூரோ டீசலுக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

ஜன்னல்சீட்:
2,200 பிளஸ் 700 பிளஸ் டிப்ஸ் பிளஸ் சாப்பாடு. மூவாயிரத்து ஐந்நூறு யூரோ! சொரென்டோவிலிருந்து காப்ரிக்குப் பயணிகள் கப்பல் அரை மணிக்குள் போகிறது. ஏழு பேர் போய் வர எல்லாம் சேர்த்து முந்நூறு யூரோவைச் சுற்றித்தான் ஆகும். மறுநாள் இன்னொரு கப்பலில் பொசிட்டானோ. மீதிப் பணத்தில் ஊருக்குப் போய் வந்துவிடலாம். யாட் என்பது போட்டோவுக்காக எடுப்பது, நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

நாப்போலி வள்ளம்:
தம்பி, நான் இந்த வளைகுடாவில் வாடகைப் படகுகளில் வேலை செய்கிற ஆள். யாழ்ப்பாணப் பக்கம் பிறந்து, இத்தாலிக்கு வந்து கனகாலம். எஞ்சின்ரூம் ஐயாவின் கணக்கு சரி. அப்படியிருந்தும் ஏன் அந்தத் திட்டத்தை எழுதி அனுப்புகிறார்கள் என்றால், வருகிற ஆட்கள் எல்லாரும் இந்த மூன்று பெயரையும்தான் கேட்கிறார்கள். ஏலாது என்று நேர்மையாகச் சொல்கிறவனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே எல்லாம் உண்டு என்று எழுதிக் கொடுப்பது, படகு வெளிக்கிட்ட பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவது. நீலக்குகையில் இன்றைக்கு வரிசை கூட, விடுவோம். அமால்ஃபியில் கட்ட இடமில்லை, தூர நின்று படம் எடுங்கள். பொழுது படும்போது நீங்கள் மூன்று ஊரையும் பார்த்திருப்பீர்கள், ஒன்றிலும் கால் வைத்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது காற்று. இதை விலைப்பட்டியலில் ஒருவரும் எழுதுவதில்லை. கோடையில் இங்கே காலைக் கடல் நல்ல அமைதி. மதியத்துக்குப் பிறகு மேற்கு, வடமேற்கிலிருந்து காற்று எழும்பும், மயெஸ்ட்ராலே என்பார்கள். அமால்ஃபியிலிருந்து சொரென்டோ திரும்புகிற பாதையில் பெரும்பகுதி அந்தக் காற்றுக்கு எதிராகத்தான். தெற்குக் கரையோரம் மலை மறைப்பதால் ஓரளவு தெரியாது. காம்பனெல்லா முனையைத் தாண்டினதும் காப்ரிக்கும் கரைக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கின கடலில் அலை குட்டை குட்டையாக, கிட்டக் கிட்ட வரும், அணியம், அதுதான் படகின் முன்பக்கம், தூக்கித் தூக்கி அடிக்கும். காலையில் சிரித்துக்கொண்டு ஏறின சனம் மாலையில் அந்தக் கடைசி அரை மணியில்தான் சத்தி எடுக்கிறது. எவ்வளவு தூரம் கிழக்கே போகிறீர்களோ அவ்வளவு நேரம் எதிர்க்காற்றில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மியூனிக் மதுரை:
இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. அப்படியானால் எதை விடுவது? அம்மாவுக்குக் காப்ரி பார்க்க ஆசை, தங்கைக்குப் பொசிட்டானோ. நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

லெமன்சாதம்:
நாங்கள் போன ஜூனில் போனோம், மாமியார், மாமனார், குழந்தைகள் எல்லாரோடும். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஒழுங்கில்லாமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிழல். இங்கே படகுகளைக் கட்டுவதே வெயில் காய்கிறவர்களுக்காக. முன்பக்கம் முழுக்க மெத்தை, மேலே ஒன்றும் கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்கள் வெயில் காயவா வருகிறார்கள்? பின்பக்கம் ஒரு துணிப் பந்தல் இருக்கும், அதன் கீழ் நான்கு பேர் உட்காரலாம், மீதி ஆட்கள் வெயிலில். படகின் நீளத்தைக் கேட்பதற்கு முன்னால் நிழலில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பும் போட்டோவில் நீச்சலுடை போட்ட இரண்டு பேர் இருப்பார்கள், ஏழு பேர் உட்கார்ந்த போட்டோவை ஒருவரும் அனுப்ப மாட்டார்கள்.

இரண்டாவது, எங்களுக்கு வந்த படகு போட்டோவில் பார்த்த படகே இல்லை. அதைவிட ஒரு சைஸ் சின்னது, கழிவறை என்று சொன்னது பெஞ்சுக்குக் கீழே குனிந்து நுழைகிற ஒரு பொந்து. கேட்டால் “அதே மாதிரியான படகு” என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்றார்கள். உண்மையாகவே சின்ன எழுத்தில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் சொல்லவில்லை, எந்த நிறுவனமும் செய்யக்கூடியதுதான். படகின் பெயரையே ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்பதையும்.

மூன்றாவது, மாமியாரை ஏற்றி இறக்கியது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பொசிட்டானோவில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. யாட் வெளியே நிற்கும், சின்னப் படகு ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் விடும். ஒரு படகு ஏறும்போது இன்னொன்று இறங்குகிறது, நடுவில் காலை வைத்துத் தாண்ட வேண்டும். இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கை பிடித்துத்தான் தூக்கி வைத்தார்கள். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இதை ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் வைக்காதீர்கள். அதோடு பொசிட்டானோ முழுக்கப் படிக்கட்டு, தெரியுமில்லையா?

ஜன்னல்சீட்:
பார்த்தீர்களா. கப்பலில் பலகை போடுவார்கள், நடந்தே இறங்கலாம்.

தூத்துக்குடி எஞ்சின்ரூம்:
ஜன்னல்சீட் சொல்வதில் பாதி நியாயம். ஊர் பார்க்கக் கப்பல் போதும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடலோரத்தின் நல்ல பகுதிகளுக்கு ரோடும் கிடையாது, கப்பலும் நிற்காது. காம்பனெல்லா முனையிலிருந்து பொசிட்டானோ வரைக்கும் உள்ள தெற்குக் கரையைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, இடையிடையே கத்தியால் கீறியது போல சின்னச் சின்ன ஓடைவாய்கள். க்ரபோல்லா என்று ஒன்று, மேலிருந்து வந்தால் நூற்றுக்கணக்கான படி இறங்க வேண்டும், படகில் வந்தால் வாசலில் நிற்கலாம். பழைய மீனவர்கள் படகு வைத்த கல் அறைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. முனைக்கு முனை காவல் கோபுரம், கடற்கொள்ளையர் வருவதைப் பார்த்து எச்சரிக்க 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஆட்சியில் வரிசையாகக் கட்டியவை. இதையெல்லாம் கப்பல் ஜன்னலில் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் கடந்துபோய்விடும். தனிப் படகு எடுப்பது இதற்காக என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு.

நாப்போலி வள்ளம்:
ஐயா, வடிவாகச் சொன்னீர்கள். தம்பி, என்னுடைய படகாக இருந்தால் நான் இப்படித்தான் ஓட்டுவேன்.

காலை எட்டு, எட்டரைக்கே வெளிக்கிடுங்கள். ஒன்பதரைக்குப் பிறகு எல்லாப் படகும் ஒரேயடியாக வரும். முதல் நிறுத்தம் சொரென்டோவுக்குக் கிட்ட, ரெஜினா ஜொவான்னாவின் குளிப்பிடம் என்கிற இடம், பாறைக்குள் இயற்கையாக அமைந்த குளம், மேலே ரோமர் காலத்து மாளிகையின் இடிபாடு. காலையில் அதன் வாய்க்கு வெளியே நின்று குளிக்கலாம், ஆட்கள் குறைவு. அதிலிருந்து முனையைச் சுற்றி, தெற்குக் கரையில் நெரானோ என்ற சின்ன ஊர். வழியில் யெரான்டோ குடா வரும், மோட்டார் படகு உள்ளே போக அனுமதியில்லை, வெளியே நின்று பார்க்கிறதுதான். புந்தா காம்பனெல்லா முழுக்க 1997 முதல் பாதுகாக்கப்பட்ட கடல். வெர்வெச்சே, வெத்தாரா என்று இரண்டு பாறைகள் இருக்கின்றன, அவற்றுக்குக் கிட்டவும் போகக்கூடாது. எந்த ஸ்கிப்பராவது (கேப்டன்தான்) “நான் கொண்டு போகிறேன், ஒருவரும் பார்க்க மாட்டார்கள்” என்றால் அவரை நம்பாதீர்கள், மற்ற விஷயத்திலும்.

மதியம் நெரானோவில் சாப்பாடு. சில உணவகங்கள் தங்கள் சின்னப் படகை அனுப்பி ஏற்றிக்கொண்டு போவார்கள், மரப்பாலத்தில் இறங்கலாம், அம்மாவுக்குப் பொசிட்டானோவைவிட அது லேசு. பிறகு க்ரபோல்லா, லி கல்லித் தீவுகள். மூன்று சின்னத் தீவு, ஒடிசியஸைப் பாட்டுப் பாடி மயக்கப் பார்த்த சைரன்கள் இருந்த இடம் என்று பழைய கதை. பாலே நடனக்காரர் நுரேயெவ் கடைசிக் காலத்தில் சொந்தமாக வைத்திருந்தார். இப்போதும் தனியார் சொத்து, இறங்க ஏலாது. அங்கிருந்து பார்த்தாலே பொசிட்டானோ மலையோடு ஒட்டிக்கொண்டு தெரியும். தங்கைக்கு விருப்பமென்றால் கிட்டப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். அமால்ஃபியை மறந்துவிடுங்கள். காப்ரிக்கு இன்னொரு நாள் கப்பல். ஜன்னல்சீட் தம்பிக்கும் சந்தோஷம்.

லெமன்சாதம்:
காப்ரியை விடச் சொல்வது கொஞ்சம் அநியாயம் இல்லையா அண்ணா? ஃபரல்யோனிப் பாறைகளைக் கடலிலிருந்து பார்ப்பதுதானே அழகு. நடுப்பாறையில் இருக்கும் வளைவுக்குள் எங்கள் படகு நுழைந்து வந்தது, மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். வெளிப்பாறையில் மட்டும் நீல நிறப் பல்லி ஒன்று வாழ்கிறதாம், அது வேறு எங்குமே இல்லை என்று ஸ்கிப்பர் சொன்னார்.

நாப்போலி வள்ளம்:
அநியாயம்தான் அக்கா. ஜூனில், காலையில் வெள்ளன என்றால் நானே காப்ரி என்பேன். அந்தப் பாறைகளில் இரண்டு நூறு மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கின்றன, எத்தனை தரம் போனாலும் கழுத்து தானாக நிமிரும். ஆனால் பதினொரு மணிக்குப் பிறகு அங்கே எத்தனை படகு என்று யோசியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு அலையைக் கிளப்ப, அது பாறையில் மோதித் திரும்பி வர, நிற்கிற படகு எல்லாப் பக்கமும் உலையும். ஓடும்போது வராத தலைசுற்று நிற்கும்போதுதான் வரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டின கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், இத்தாலி முழுக்க விடுமுறை.

காப்ரிதான் வேண்டும் என்றால் காப்ரி மட்டும் வையுங்கள். தீவைச் சுற்றுவது 17 கிலோமீட்டர்தான். ஒரு சுற்று, இரண்டு இடத்தில் குளிப்பு, மரீனா பிக்கொலாப் பக்கம் நிறுத்தம். அதுவே ஒரு முழு நாள்.

மியூனிக் மதுரை:
நீலக்குகை? நெட்டில் எல்லாரும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

தூத்துக்குடி எஞ்சின்ரூம்:
யாட் உள்ளே போகாது தம்பி, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வாசல் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். துடுப்புப் படகு ஒன்றுக்கு மாறி, தனியாக டிக்கெட் எடுத்து, படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி மேலே கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்து, அலை இறங்கும் நொடியில் உள்ளே விடுவார். உள்ளே இருப்பது சில நிமிஷம்.

நீலம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த வாசலுக்குக் கீழே தண்ணீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அந்த வழியாக, தண்ணீரைக் கடந்துதான் குகைக்குள் வருகிறது. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிவிடும், நீலம் மட்டும் மிஞ்சி அடியிலிருந்து ஒளிரும். கையை உள்ளே விட்டால் வெள்ளியாகத் தெரியும். ரோமானியர்கள் காலத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்த இடம், தரையில் அவர்கள் காலத்துச் சிலைகள் கிடைத்திருக்கின்றன. 1826-ல் ஜெர்மானியக் கவிஞர் ஆகஸ்ட் கோபிஷ் உள்ளே போய் வந்து எழுதிய பிறகுதான் ஐரோப்பா முழுக்கப் பிரபலம்.

பார்க்க வேண்டியதுதான். ஆனால் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது, வள்ளம் சொன்ன அதே காற்று நேராக அதன் வாயில் அடிக்கும். கொஞ்சம் அலை இருந்தாலும் மூடிவிடுவார்கள். இவ்வளவு காசு கொடுத்து எடுத்த யாட்டை வாசலில் நிறுத்திக்கொண்டு வரிசையில் காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் அம்மா படுத்து எழுந்திருக்க முடியுமா என்பதையும் பாருங்கள்.

ஜன்னல்சீட்:
ஒரு கேள்வி. கேப்டனே வேண்டாம் என்று நாமே ஓட்டினால்? இத்தாலியில் 40 குதிரைசக்தி வரை லைசென்ஸ் இல்லாமல் வாடகைக்குத் தருகிறார்கள் என்று படித்தேன். செலவு நாலில் ஒரு பங்கு.

தூத்துக்குடி எஞ்சின்ரூம்:
தருகிறார்கள். சட்டமும் அனுமதிக்கிறது. இரண்டு இளவட்டங்கள் கரையை ஒட்டி ஒரு குளியல் போட்டு வர நல்ல ஏற்பாடு. ஆறு வயதுப் பையன், முழங்கால் வலி அம்மா, கடலே தெரியாத அப்பா, இவர்களை ஏற்றிக்கொண்டு அந்தப் போக்குவரத்தில் வேண்டாம். 2023 ஆகஸ்டில் அமால்ஃபிக் கரையில் ஒரு வாடகைப் படகு பெரிய பாய்மரக் கப்பல் ஒன்றின் மேல் போய் மோதியது, குடும்பத்தோடு வந்த அமெரிக்கப் பெண் ஒருவர் இறந்துபோனார். அதில் படகோட்டி இருந்தார், அப்படியும் நடந்தது. அதனால் கேப்டன் இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். புறப்படும்போதே குழந்தை அளவில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பெரியவர் சட்டையை இழுத்துக் கட்டினால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். நிற்கும்போது எஞ்சின் முழுதாக அணைந்து, தண்ணீருக்கடியில் சுழலும் விசிறி நின்ற பிறகுதான் யாரும் ஏணியில் கால் வைக்க வேண்டும். குளிக்கிறவர்கள் படகைவிட்டு நீந்தித் தூரம் போகக்கூடாது, மற்றப் படகுக்காரனுக்குத் தலை தெரியாது. கரையிலிருந்து பொதுவாக 200 மீட்டர் வரை குளிப்பவர்களுக்கு ஒதுக்கிய பகுதி, அதற்குள் வேகமாகப் பாய்கிற படகைக் கண்டால் உங்கள் கேப்டனை நகரச் சொல்லுங்கள். கடல்காவல் படையின் அவசர எண் 1530, போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் கப்பலில் இருந்தவன் பயமுறுத்துகிறான் என்று நினைக்க வேண்டாம். பெரிய கப்பலில் பயப்படாத நான் இந்தச் சின்னப் படகுகளில்தான் பயப்படுகிறேன்.

லெமன்சாதம்:
வாந்தி விஷயம்: மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. ஊரிலிருந்து அவோமின் கொண்டு வரச் சொல்லுங்கள், தூக்கம் வரும் என்பதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், வயதானவர்களுக்கு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றோடு ஏற்ற வேண்டாம், இட்லி மாதிரி லேசாக ஏதாவது.

இப்போது சாப்பாடு. நெரானோவில் சைவத்துக்குக் கவலையில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கே புகழ்பெற்றதே சுக்கினியை வறுத்துப் போட்டுச் செய்கிற ஸ்பகெட்டி, நம் ஊர்ப் பீர்க்கங்காய்ப் பிரியர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அதன் உயிர் ப்ரொவொலோனே டெல் மொனாக்கோ என்ற சீஸ், அதை உறைய வைப்பது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால். பர்மிஜானோ சீஸும் அப்படித்தான், அதற்குக் கன்றுக்குட்டி. என் மாமியார் இதைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார், நான் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று கணவர் இன்றுவரை சொல்கிறார். உங்கள் அம்மா எவ்வளவு கண்டிப்பு என்பது உங்களுக்குத்தான் தெரியும். சீஸ் வேண்டாம் என்றால் தக்காளி ஸ்பகெட்டி, மரினாரா பீட்ஸா இரண்டும் தைரியமாகச் சாப்பிடலாம். மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய் மட்டும்தான்.

அமால்ஃபிப் பக்கம் போனால் இன்னொரு கண்ணி. சேத்தாரா என்ற ஊரில் நெத்திலியை உப்பில் ஊற வைத்து வடிக்கிற சாறு ஒன்று உண்டு, கொலத்தூரா. கீரைப் பொரியல் மாதிரி இருப்பதில் கூட சில இடங்களில் இரண்டு சொட்டு விடுவார்கள். கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

மியூனிக் மதுரை:
அம்மா முட்டை போட்ட கேக்கே தொட மாட்டார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டி எடுத்துக்கொண்டு போனால் படகில் அனுமதிப்பார்களா?

நாப்போலி வள்ளம்:
ஓம், தாராளமாக. மஞ்சள் மட்டும் வெள்ளை மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைப் போல ஒருவன்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்! சிவப்பு வைனுக்கும் அதே பயம்தான் எங்களுக்கு. சப்பாத்தைக் கழற்றி ஏறும் இடத்தில் கூடையில் போடச் சொல்வார்கள். நம்முடைய ஆட்களுக்கு அதைப் பழக்கத் தேவையில்லை.

படகைப் பற்றி ஒரு விஷயம். 14 மீட்டர் யாட் வேகத்துக்காக வேண்டாம், ஆனால் உங்கள் ஆட்களுக்கு அதில் இரண்டு வசதி உண்டு: நின்று பாவிக்கக்கூடிய கழிவறை, பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட இருக்கிற அகலமான தட்டு. அம்மா அதில் இருந்துகொண்டு காலை நனைக்கலாம். கொட்சோ என்று இங்கத்தைய மர வள்ளம் இருக்கிறது, பழைய காலத்தில் மீன்பிடிக்கிறதற்கு. இப்போது அதே வடிவத்தில் உல்லாசத்துக்கும் கட்டுகிறார்கள். பார்க்க அதுதான் அழகு, டீசலும் குறைவு, வாடகை பாதிக்குக் கிட்ட. எனக்கு மனசு அதில்தான். ஏழு பேருக்கும் நிழல், கழிவறை என்று பார்த்தால் உங்களுக்கு யாட். தூரத்தைக் குறைத்தால் டீசல் செலவும் தானாகக் குறையும்.

ஜன்னல்சீட்:
சரி, தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் எவ்வளவு? இந்த யாட்காரர்கள் 10, 15 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்பது அநியாயம். 2,200-க்கு 300 யூரோ டிப்ஸா?

நாப்போலி வள்ளம்:
10, 15 எல்லாம் ஒரு கிழமை பெரிய யாட் எடுக்கிற ஆட்களின் வழக்கம். ஒருநாள் படகில் கட்டாயம் ஒன்றுமில்லை. நல்லாகப் பார்த்துக்கொண்டால் ஸ்கிப்பருக்கு 50, 100 என்று கையில் கொடுப்பார்கள், கயிறு பிடிக்கிற பெடியனுக்குத் தனியாகக் கொடுத்தால் அவனுக்கு அது போய்ச் சேரும். ஒன்றும் கொடுக்காத ஆட்களும் உண்டு, நாங்கள் கடலில் தள்ளிவிடுவதில்லை.

தூத்துக்குடி எஞ்சின்ரூம்:
நங்கூரம் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கடலடியில் பொசிடோனியா என்று புல்வெளி மாதிரி ஒரு செடி வளர்கிறது. பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள செடி, இங்கே வளர்கிற இனம் மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு படகு நங்கூரத்தை இழுத்துப் பிடுங்கினால் அந்த இடம் மூடப் பல வருஷம் ஆகும். மேலிருந்து பார்த்தால் தெரியும், வெளிர் நீலம் மணல், கரும்பச்சைத் திட்டு பொசிடோனியா. கேப்டன் கரும்பச்சையில் நங்கூரம் போடப்போனால் மணலில் போடச் சொல்லுங்கள். நல்ல கேப்டன் கோபப்பட மாட்டார்.

மியூனிக் மதுரை:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசிவிட்டோம். அதே 14 மீட்டர் யாட், காலை 8.30 புறப்பாடு, ரெஜினா ஜொவான்னா, நெரானோ, க்ரபோல்லா, லி கல்லி, பொசிட்டானோ கடலிலிருந்து மட்டும். காப்ரி மறுநாள் கப்பலில். தங்கை முதலில் முறைத்தாள், படிக்கட்டு பற்றி இங்கே எழுதியதைப் படித்துக் காட்டியதும் அடங்கிவிட்டாள். நிறுவனத்திடம் படகின் பெயர், டீசல் கணக்கு, மாற்றுப் படகு கொடுத்தால் பணம் திரும்ப என்பதையெல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறேன். டீசலையும் சேர்த்து ஒரே விலையாக 2,450 சொல்கிறார்கள், தூரம் குறைந்ததால்.

இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. காற்று சரியில்லாவிட்டால் என்ன செய்வது? அம்மாவை மேலே ஊரிலிருந்து கடல் மட்டத்துக்கு எப்படி இறக்குவது?

நாப்போலி வள்ளம்:
2,450 நல்ல விலை, பிடித்துக்கொள்ளுங்கள்.

காற்று: மயெஸ்ட்ராலே என்றால் இந்தத் திட்டம் இன்னும் நல்லது, தெற்குக் கரையை மலை மறைக்கும், மாலையில் முனையைத் தாண்டுகிற கொஞ்ச நேரம்தான் ஆட்டம். தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோவோ தென்மேற்கு லிபெச்சோவோ அடித்தால் எல்லாம் தலைகீழ், நெரானோப் பக்கம் நிற்க ஏலாது. அன்றைக்குச் சொரென்டோப் பக்கத்திலேயே நின்று, புவோலோ, மாசா லுப்ரென்சே என்று குளித்துவிட்டு வரலாம். இதை முதல் நாள் மாலையே ஸ்கிப்பரிடம் கதையுங்கள், நிறுவனத்து அலுவலகத்திடம் அல்ல. ஸ்கிப்பர் போக ஏலாது என்று சொன்னால் முழுக்காசும் திரும்ப வர வேண்டும், அல்லது வேறு நாள் தர வேண்டும். நீங்களாகப் பயந்து நிறுத்தினால் பொதுவாகக் காசு வராது. ஒப்பந்தத்தில் அந்த இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா: ஊர் செங்குத்தான பாறை மேல் இருக்கிறது, படியிலும் வளைந்த ரோட்டிலும் நடக்கவிட வேண்டாம். வில்லா கொமுனாலே பூங்காவிலிருந்து கீழே லிஃப்ட் போகிறது, கட்டணம் சொற்பம். இறங்கினால் மரீனா பிக்கொலா கிட்டத்தான். ஆனால் படகு அங்கே வருகிறதா, இல்லை மீனவர் பக்கம் மரீனா கிராண்டேக்கு வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். அங்கே என்றால் லிஃப்ட் பிரயோசனமில்லை, டாக்ஸி பிடியுங்கள்.

லெமன்சாதம்:
காப்ரியிலும் மரீனா கிராண்டே, மரீனா பிக்கொலா என்று அதே இரண்டு பெயர் இருக்கிறது. கப்பல் டிக்கெட் எடுக்கிற அன்று அப்பாவிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.